ஊரெல்லாம் ஒரே பெயர்

சார்ஜன்ட் தர்மசீலன் கடைக்குள் வந்தபோது இராகுலன் ஒரு மடிக்கணினியைக் கழற்றி மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்தான். பொலிஸ்காரர் வருவது புதிதல்ல. போன மாரியில் நிலையத்துக் கணினி செத்துப்போனபோது அதைத் தூக்கிக்கொண்டு வந்தவரும் இவர்தான்.

"பிரிண்டர் திரும்பவும் நிண்டுட்டுதோ சேர்?"

"பிரிண்டர் இல்லைத் தம்பி. பெரியவர் உம்மோடை கதைக்க வேணுமாம். கடையைப் பூட்டிப்போட்டு வாரும்."

பூட்டிப்போட்டு என்ற சொல்லில்தான் இராகுலன் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தான். சும்மா கதைத்துவிட்டு வருகிற வேலைக்கு யாரும் கடையைப் பூட்டச் சொல்வதில்லை.

திருகோணமலையில் அந்த வாரம் கதை ஒன்றே ஒன்றுதான். திங்கட்கிழமை, பள்ளிக்கூடங்கள் விடுகிற நேரம் பார்த்து, ஒரு அறிவித்தல் போன்களில் பரவியது. துறைமுகப் பக்கத்து ஐஸ் தொழிற்சாலையில் அமோனியா வாயு கசிகிறது, ஒரு கிலோமீற்றருக்குள் இருப்பவர்கள் ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு உடனே வெளியேறவும் என்று அதில் இருந்தது. கீழே அனர்த்தக் குழு என்று ஒப்பம் வைக்கும் இடம். சனம் கண்ணை மூடிக்கொண்டு ஓடியது. கடலைப் பார்த்து வாழ்கிறவர்களுக்கு ஓடு என்று சொன்னால் ஏன் என்று கேட்கிற வழக்கம் சுனாமியோடு போய்விட்டது. ஓட்டோவும் மோட்டார் சைக்கிளும் பள்ளிக்கூட வானும் ஒரே சந்தியில் முட்டிக்கொண்டன. கப்பல்துறையிலிருந்து மகனின் மோட்டார் சைக்கிளில் சந்தைக்கு வந்திருந்த புஸ்பராணி என்ற பெண், பின் இருக்கையிலிருந்து தூக்கி எறியப்பட்டுத் தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார்.

கசிவு என்று ஒன்று நடக்கவே இல்லை. ஐஸ் தொழிற்சாலைக்காரர் வாசலில் நின்று மீன் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்ததைப் பிறகு பலர் சொன்னார்கள். அதை எழுதியவன் மட்டும் கையில் கிடைத்தால் என்று பல்லைக் கடிக்காதவர்கள் ஊரில் இல்லை. இராகுலனும் கடித்தவன்தான்.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டரின் மேசையில் அந்த அறிவித்தலின் அச்சுப்பிரதி கிடந்தது. அவர் சிங்களத்தில் பேசினார். இராகுலனுக்கு அது விளங்கினாலும் தர்மசீலன் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னார்.

"போனிலை வந்த ஃபைலைத் திறந்து பாத்தவையாம். எழுதினவர் எண்ட இடத்திலை ஒரு பேர் கிடக்குதாம். கீழையும் பாரும்."

தாளின் அடியில், எறும்பு ஊர்ந்த மாதிரி, சின்ன எழுத்தில் ஒரு வரி. அந்தக் கோப்பு எந்தக் கணினியில் எந்த இடத்தில் இருந்தது என்று காட்டும் வரி. சில அலுவலகங்களில் கடிதத்தின் அடியில் அப்படி வரும்படி செய்து வைத்திருப்பார்கள். மஞ்சள் மை பூசியிருந்தார்கள்.

C:\Users\rakulan.000\Desktop\

இராகுலன் அதை இரண்டு தடவை வாசித்தான்.

"சேர், இது என்ரை பேர்தான். ஆனா இது நான் எழுதினதில்லை."

"அப்ப ஆர்?"

அவன் சொல்லத் தொடங்கினான். கணினிகளைத் திருத்திக் கொடுக்கும்போது ஒவ்வொன்றிலும் முதலிலிருந்து எல்லாவற்றையும் போட்டுக்கொண்டிருந்தால் ஒரு நாள் போய்விடும். ஆகவே தன்னுடைய கணினி ஒன்றில் எல்லாவற்றையும் ஒழுங்காகப் போட்டு, அதையே நகல் எடுத்து மற்றவற்றில் இறக்கிவிடுவான். அந்தக் கணினியில் பயன்படுத்துகிறவர் பெயர் அவனுடையது. பிறகு திரையில் தெரிகிற பெயரை மட்டும் கடையின் பெயராகவோ அலுவலகத்தின் பெயராகவோ மாற்றிக் கொடுப்பான். உள்ளே பழைய பெயர் அப்படியே கிடக்கும். வாங்கியவர்களுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் வந்ததில்லை.

இன்ஸ்பெக்டர் தாளைத் திரும்பவும் அவன் பக்கம் தள்ளினார். இராகுலன் சுவரோரம் இருந்த நிலையத்துக் கணினியைப் பார்த்தான்.

"நம்பிக்கையில்லையெண்டால் இந்த மெஷினிலையே பாருங்கோ சேர். நான் தொடேல்லை. சார்ஜன்ட் சேரே அடிக்கட்டும்."

தர்மசீலன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இராகுலன் தள்ளி நின்றபடி ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னான். திரையில் கறுப்புப் பெட்டி ஒன்று திறந்தது. echo என்று அடிக்கச் சொன்னான்.

"அது என்ன சொல்?"

"சொன்னதைத் திருப்பிச் சொல்லு எண்டு வையுங்கோவன். பிறகு இந்த வீதக் குறி ரெண்டுக்கும் நடுவிலை ஒண்டின்ரை பேரைப் போட்டால், அதுக்குள்ளை என்ன கிடக்குது எண்டு மெஷின் காட்டும். அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

echo %USERNAME% என்று தர்மசீலன் ஒற்றை விரலால் அடித்து முடித்தார். அடுத்த வரியில், எந்தச் சத்தமும் இல்லாமல், rakulan என்று வந்தது.

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து திரைக்கு முன்னால் குனிந்து நின்றார். தப்பிவிட்டேன் என்றுதான் இராகுலன் நினைத்தான்.

"அப்ப எங்கட மெஷினுக்குள்ளையும் நீர் இருக்கிறீர்," என்றார் இன்ஸ்பெக்டர், இந்த முறை தானே தமிழில். "ஊரிலை எத்தினை மெஷினுக்குள்ளை இருக்கிறீர்?"

தன்னை விடுவிக்கும் என்று நினைத்துக் காட்டியது தன் கழுத்தையே இறுக்குவது அப்போதுதான் இராகுலனுக்கு விளங்கியது.

"தாளிலை பேருக்குப் பின்னாலை மூண்டு சைபர் கிடக்குது. இதிலை இல்லை. ஏன்?"

இவர் லேசுப்பட்ட ஆளில்லை என்று இராகுலன் நினைத்துக்கொண்டான். கோப்புகள் இருக்கும் இடத்தைக் காட்டும் %USERPROFILE% ஐ அடிக்கச் சொன்னான். C:\Users\rakulan என்று மட்டும் வந்தது.

"கரண்ட் திடீரெண்டு போய் ஆளின்ரை ஃபோல்டர் பழுதாப் போனால், நாங்கள் திருத்தேக்கை மெஷின் அதே பேரிலை புதுசா ஒண்டு திறக்கும். ரெண்டுக்கும் ஒரே பேர் வைக்க ஏலாதெண்டு வாலிலை சைபரைப் போடும். பேரைக் கேட்டால் இராகுலன் எண்டுதான் சொல்லும். ஃபோல்டரைக் கேட்டால்தான் வித்தியாசம் தெரியும்."

"அப்படி எங்கை எங்கை செய்தனீர்?"

"கொஞ்ச இடத்திலைதான். எங்கையெண்டு இப்ப நினைவில்லை சேர்."

அது முழுப் பொய்யுமில்லை, முழு உண்மையுமில்லை. இன்ஸ்பெக்டர் அவனுடைய போனை வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டார்.

"நாளைக்கு மத்தியானத்துக்குள்ளை அந்த சைபர் எங்கையெண்டு வந்து சொல்லும். இல்லையெண்டால் உம்மட கடையிலை இருக்கிற முழு மெஷினையும் ஏத்திக்கொண்டு வருவம். உம்மையும்தான்."

அன்புவழிபுரத்தில் வீட்டுப் படலையைத் திறந்தபோதே மனைவி பிரசாந்தினிக்கு விஷயம் தெரிந்திருந்தது. முகப்புத்தகத்தில் யாரோ அவன் கடையின் படத்தைப் போட்டு, ஊரை ஓடவிட்டவன் அகப்பட்டான் என்று எழுதியிருந்தார்கள். எதிர்வீட்டுக்காரர் அவனைக் கண்டதும் வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியும்தானே எங்கையெண்டு," என்றாள் பிரசாந்தினி. சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள். அவனைப் பார்க்கவில்லை.

"நினைவு இருக்கிற மாதிரியும் கிடக்கு."

"பேரைச் சொல்லிப்போட்டு வாங்கோ. அந்த மனுசி அங்கை கிடந்து சாகுது. நீங்கள் ஆருக்காகப் பொத்திறியள்?"

"பிழையா ஒரு ஆளின்ரை பேரைச் சொன்னால்? எனக்கு இண்டைக்கு நடந்தது நாளைக்கு அந்த ஆளுக்கு நடக்கும். முதலிலை என்ரை கண்ணாலை பாக்க வேணும்."

அவன் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டான்.

காலையில் முதலில் ஸாஜித்தின் போட்டோக்கொப்பிக் கடைக்குப் போனான். ஸாஜித் பழைய கூட்டாளி. எப்போதும் கண்டவுடன் பிளேன்டீ சொல்கிறவன். அன்று கல்லாவுக்குப் பின்னாலேயே நின்றான்.

"மெஷினை ஒருக்காப் பாக்க வேணும் மச்சான். நீயே அடி, நான் தொடேல்லை."

ஸாஜித் யோசித்தான். கடைக்குள் இருந்த இரண்டு பேர் வெளியே போகும்வரை பொறுத்திருந்தான். பிறகு அடித்தான். பெயர் rakulan. ஃபோல்டரும் rakulan, வாலில் சைபர் இல்லை.

"என்ர மெஷினுக்குள்ள உன்ர பேர் கிடக்கிறத நீ எனக்குச் சொல்லவே இல்லையே," என்றான் ஸாஜித்.

"அது ஒரு பிரச்சினையா வருமெண்டு நான் நினைக்கேல்லை."

"இப்ப வந்திட்டுத்தானே. இந்தப் பிரச்சினை முடிஞ்சாப் பிறகு வா, மாத்தித் தா. அதுக்கிடையில இந்தப் பக்கம் வராத மச்சான், குறை நினைக்காத."

இராகுலன் தலையாட்டிவிட்டு வெளியே வந்தான். குறை நினைக்க அவனுக்கு நேரமுமில்லை. இனி மிச்சம் இருந்தது அவன் நேற்றே நினைத்த இடம்தான். நினைத்தது பிழையாக இருக்க வேண்டும் என்று வழியெல்லாம் விரும்பிக்கொண்டு போனான்.

உட்துறைமுகக் கரையில், வள்ளங்கள் இழுத்துப் போட்டிருக்கும் இடத்துக்கு மேலே, மீனவர் குடும்பங்களின் சங்கம் ஒன்று இரண்டு அறைகளில் இயங்கிவந்தது. ஞானசேகரம் அதன் செயலாளர். ஜெயரூபி எழுதுவினைஞர். போன வருடம் மின்னல் அடித்த அன்று அந்தக் கணினி எழும்பாமல் போய், சங்கத்தின் கணக்கெல்லாம் தொலைந்துவிட்டது என்று அழுத ஜெயரூபிக்கு, பொழுது சாயும்வரை இருந்து எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்தவன் இராகுலன். அன்று அவள் தன் சாப்பாட்டுப் பெட்டியை அவனுக்குக் கொடுத்துவிட்டுப் பட்டினி இருந்தாள்.

அவனைக் கண்டதும் ஜெயரூபி எழுந்து நின்றாள். நிற்க வேண்டிய தேவை எதுவும் இருக்கவில்லை.

"என்ன தம்பி, நேரத்தோடை?"

"கொம்பியூட்டரை ஒருக்காப் பாக்க வேணும் அக்கா."

"இண்டைக்கு மெஷின் போடேல்லை. கரண்ட் சரியில்லை."

அவள் தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அவளும் அதை அண்ணாந்து பார்த்தாள். பிறகு ஒன்றும் சொல்லாமல் மேசையிலிருந்து விலகிச் சுவரோடு போய் நின்றாள்.

இராகுலன் கணினியைப் போட்டான். கறுப்புப் பெட்டியைத் திறந்து அடித்தான். விரல் கடைசிப் பொத்தானில் தயங்கி நின்றது. அழுத்தினான்.

C:\Users\rakulan.000

அவன் கதிரையில் சாய்ந்தான். கோபம்தான் வரும் என்று நினைத்திருந்தான். வந்ததோ நேற்று நிலையத்தில் தன்னைப் பிடித்துக்கொண்ட அதே பயம்.

"ஏனக்கா?"

ஜெயரூபி சேலைத் தலைப்பைக் கையில் சுற்றினாள். அவிழ்த்தாள். திரும்பச் சுற்றினாள்.

"அது ஒத்திகைக்கு எழுதினது தம்பி. அடுத்த மாசம் கரையோரச் சனத்துக்கு அனர்த்த ஒத்திகை வைக்கிறதெண்டு சேர் சொன்னவர். மேலை பெரிசா ஒத்திகை எண்டு போட்டுத்தான் நான் அடிச்சனான். அவர் பாத்திட்டு, ஒத்திகையெண்டு கண்டால் ஒரு சனமும் அசையாது, அந்தச் சொல்லை எடு எண்டவர். எடுத்திட்டன். எடுத்து அவரிட்டை அனுப்பப் போனன். பிள்ளையின்ரை பள்ளிக்கூட வான் பிந்துதெண்டு அந்த நேரம் தாய்மாரின்ரை வட்சப் குழுவிலை ஒரே மெசேச். கை தவறி அதுக்குள்ளை போட்டிட்டன்."

"உடனை சொல்லியிருக்கலாமே."

"உடனை அழிச்சனான். அழிச்சால் போயிடுமெண்டு நினைச்சன். நான் அழிக்கேக்கையே ஆரோ அதை எடுத்து அனுப்பிப்போட்டினம். பத்து நிமிசத்திலை என்ரை அம்மாவே எனக்குக் கோல் எடுத்து, பிள்ளை ஓடிவா, காஸ் கசியுதாம் எண்டு கத்துறா. நான் என்னத்தைச் சொல்ல?"

"என்னைக் கூட்டிக்கொண்டு போனது உங்களுக்குத் தெரியுமோ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். தெரிந்திருந்தது.

"ராவிரவா நித்திரையில்லைத் தம்பி. எனக்கு ரெண்டு பிள்ளையள். மனுசனும் கட்டாரிலை வேலை. என்னைக் கொண்டுபோய் உள்ளுக்கு வைச்சால் அதுகளை ஆர் பாக்கிறது?" அவள் கிட்ட வந்தாள். "இந்தப் பேரை வைச்சது நீங்கள்தானே. நீங்கள் நினைச்சால் மாத்தலாம்தானே? அந்த சைபரை மட்டும் எடுத்துவிட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. உங்களையும் விட்டிடுவினம், என்னையும் விட்டிடுவினம்."

அதைச் செய்ய எவ்வளவு நேரம் எடுக்கும் என்று இராகுலனுக்குத் தெரியும். அரை மணித்தியாலம்கூட வேண்டாம். யன்னலுக்கு வெளியே யாரோ வள்ளத்து எஞ்சினை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது பற்றவில்லை. அவன் விசைப்பலகையில் கையை வைத்தான்.

அவன் set என்று மட்டும் அடித்தான். அந்தக் கணினி நினைவில் வைத்திருக்கும் பெயர்களும் அவற்றின் பெறுமதிகளும் வரிவரியாகத் திரையில் இறங்கி வந்தன. விரலால் தொட்டுக் காட்டினான். இங்கே rakulan. இதோ இங்கே. இதற்குள்ளும்.

"எத்தினை இடத்திலை நான் நிக்கிறன் எண்டு பாருங்கோ அக்கா. நான் இதை மாத்தினால், மாத்தினதும் நான்தான் எண்டு வரும். பொலிசின்ரை ஆக்கள் ஒருநாள் இதைக் கண்டுபிடிப்பினம். அண்டைக்கு எழுதினது, அழிச்சது எல்லாம் என்ரை தலையிலை. எனக்கும் வீட்டிலை ஆக்கள் இருக்கினம்."

"அப்ப போய்ச் சொல்லப்போறியளோ?"

"நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. மத்தியானம்வரைதான் எனக்குத் தவணை. நீங்களா போனால் அது தவறிப்போன விஷயம். நான் போய்ச் சொன்னால் அது பிடிபட்ட விஷயம்."

அவள் வாயைத் திறப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஞானசேகரம் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அரச அலுவலகம் ஒன்றில் பெரிய பதவியில் இருந்து ஓய்வுபெற்றவர். உரத்துப் பேசி யாரும் கேட்டதில்லை. ஒரே பார்வையில் திரையையும் இருவரின் முகத்தையும் பார்த்தார்.

"வாரும் இராகுலன். நல்லதாப் போச்சு. இந்த மெஷின் கடுமையாச் சூடேறுது. கட்டைபறிச்சானிலை எங்கட மற்றக் கிளைக்கு இதை அனுப்பிப்போட்டுப் புதுசு ஒண்டு எடுப்பமெண்டு பாக்கிறன். புதுசையும் நீரே போட்டுத் தாரும்."

"இப்பவோ சேர்?"

"இப்பத்தான். வெளியிலை வாகனம் நிக்குது."

சொல்லிக்கொண்டே குனிந்து சுவர்ச் செருகியைப் பிடுங்கினார். திரை அணைந்தது. வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார். அவசரமில்லாமல், வீட்டில் பொருள் ஒதுக்குகிறவரைப் போலத்தான் கழற்றினார். அந்த அமைதியைப் பார்த்ததும் இராகுலனுக்கு விளங்கிவிட்டது. இந்தப் பெட்டி கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம் போனால் திரும்பி வராது. பிறகு உலகத்தில் மிஞ்சுவது அந்தத் தாளின் அடியில் இருக்கும் ஒரு பெயர் மட்டும்.

"சேர், இதை இப்ப நகர்த்தக் கூடாது," என்றான். "இதைப் பாக்கப் பொலிஸ் வரும்."

"ஆர் சொன்னது?"

"நான் சொல்லுவன்."

ஞானசேகரம் நிமிர்ந்தார். "தம்பி, சங்கம் எத்தினை வருஷமா உமக்கு வேலை தருது. இந்தப் பிள்ளைக்கும் நாங்கள்தான் சம்பளம் குடுக்கிறம். ஒரு கை தவறினதுக்கு சங்கத்தை இழுத்து மூடச் சொல்லுறீரோ? இதை நம்பி இருக்கிற குடும்பங்களை யோசியும். உமக்கு ஒண்டும் நடவாது. எனக்கு ஆக்களைத் தெரியும். நான் கதைக்கிறன்."

"நேற்று நான் அங்கை நிக்கேக்கை நீங்கள் ஆரோடை கதைச்சனீங்கள் சேர்?"

ஞானசேகரம் பெட்டியை இரு கையாலும் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துத் திரும்பினார். இராகுலன் வழியில் நின்றான். வயதுபோன மனிதரைப் பிடித்துத் தள்ளவா முடியும்? கத்தினால் வள்ளத்தடியில் நிற்பவர்கள் ஓடிவருவார்கள். வந்தால் முகப்புத்தகத்தில் பார்த்த முகத்தைத்தான் முதலில் பிடிப்பார்கள். கை இரண்டும் வெறுமையாகத் தொங்க அவன் நின்ற இடத்திலேயே நின்றான். ஞானசேகரம் அவனுடைய தோளை உரசிக்கொண்டு கடந்தார்.

"சேர், அதை வையுங்கோ."

ஜெயரூபிதான். சுவரோடு நின்றவள் எப்போது வாசலுக்கு வந்தாள் என்று இராகுலன் காணவில்லை. கதவு நிலையின் இரு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"நீ பேசாமல் இரு பிள்ளை. உனக்காகத்தான் செய்யிறன்."

"எனக்காக எண்டால் வையுங்கோ. அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னது நீங்கள். அனுப்பினது நான். இவர் ஒண்டும் செய்யேல்லை. மூண்டு பேரும் நிக்கிற இடத்திலை, ஒண்டும் செய்யாத ஆளை உள்ளுக்கு அனுப்பிப்போட்டு நாங்கள் ரெண்டு பேரும் நாளைக்கு இதிலை இருந்து தேத்தண்ணி குடிக்க ஏலுமோ?"

அவள் கை விலகவில்லை. பெட்டி பாரம் என்பதாலோ வேறு எதனாலோ ஞானசேகரம் மெல்ல மேசைக்குத் திரும்பி அதைக் கீழே வைத்தார். கதிரையில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார்.

ஜெயரூபி கைப்பையை எடுத்தாள். போனில் தாயை அழைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரச் சொன்னாள். ஏன் என்று தாய் கேட்டிருக்க வேண்டும். வந்து சொல்லுறன் அம்மா என்றாள். இராகுலன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டோ பிடித்தான். போகும் வழியெல்லாம் அவள் அதைக் குழந்தையைப் போல் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். ஓட்டோ குழியில் விழும்போதெல்லாம் பிடி இறுகியது.

நிலையத்தில் அவளே முன்னால் போனாள். "அதை அனுப்பினது நான்தான்" என்று தர்மசீலனிடம் சொன்னாள். அவர் இராகுலனைப் பார்த்தார். இராகுலன் தலையாட்டினான். இன்ஸ்பெக்டர் வந்து அவளைக் கதிரையில் உட்காரச் சொல்லி, முதலில் ஒரு கிளாஸ் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். வாக்குமூலம் எடுத்து முடிய வெயில் தாழ்ந்துவிட்டது. அன்று மாலையே ஞானசேகரத்தையும் அழைத்தார்கள். அவர் முதலில் மறுத்தார். பிறகு அந்தச் சொல்லை எடுக்கச் சொன்னதை மட்டும் ஒப்புக்கொண்டார். இருவருக்கும் நீதிமன்றம் பிணை கொடுத்தது. வழக்கு தவணை மேல் தவணையாக இன்னும் நடக்கிறது.

அன்று போனைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்ஸ்பெக்டர் இராகுலனிடம் ஒன்று கேட்டார்.

"நேற்றே உமக்கு இடம் தெரியும், என்ன?"

"ஒரு சந்தேகம் இருந்தது சேர்."

"சந்தேகத்தைச் சொல்லியிருந்தால் நான் நேற்றே போயிருப்பன்."

"ஓம் சேர். அதாலைதான் சொல்லேல்லை."

அவர் அதற்குக் கோபப்படவுமில்லை, சரி என்று சொல்லவுமில்லை. போகலாம் என்று கையால் காட்டினார்.

ஊரின் வாய் அடங்கக் கொஞ்சக் காலம் எடுத்தது. கடைப் படத்தைப் போட்டவர் அதை எடுத்துவிட்டார், மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. சிலர் வேறு திருத்துநரிடம் போய்விட்டார்கள். மிச்சப் பேருடைய இடங்களுக்கு இராகுலன் ஒவ்வொன்றாகப் போய், கணினியை முதலிலிருந்து போட்டு, அவரவர் பெயரை வைத்துக் கொடுத்தான். காசு கேட்கவில்லை.

புஸ்பராணிக்கு நினைவு திரும்பியது என்று தர்மசீலன்தான் வந்து சொன்னார். இடது கை மட்டும் இன்னும் சொன்னபடி கேட்கவில்லையாம். அந்த வாரம் ஜெயரூபி கடைக்கு வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போக வேணும் தம்பி. தனியப் போகக் காலெழும்பேல்லை. வருவியளோ?"

வார்டு வாசலில் புஸ்பராணியின் மகன் இருந்தான். அவனுடைய முழங்கையிலும் கட்டு. ஜெயரூபி தான் யார் என்று சொன்னாள். சொல்லி முடியும்வரை அவன் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடிப்பானோ என்று இராகுலன் அரை அடி முன்னால் வந்தான்.

"உங்களைக் கண்டால் என்னென்னமோ கேக்க வேணுமெண்டு வைச்சிருந்தனான்," என்றான் அவன் கடைசியில். "இப்ப ஒண்டும் வருகுதில்லை. உள்ளுக்குப் போங்கோ. ஆனா அவவுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ. காஸ் கசிஞ்சது உண்மையெண்டுதான் அவ இன்னும் நினைச்சுக்கொண்டிருக்கிறா. தனக்கு மணந்ததெண்டு சொல்லுறா. அப்படியே இருக்கட்டும். சும்மா ஓடித்தான் இப்படி ஆனதெண்டு தெரிஞ்சால் தாங்கமாட்டா."

உள்ளே புஸ்பராணி தலையணையில் சாய்ந்திருந்தார். மொட்டையடித்த தலையில் தையல் தெரிந்தது. ஆள் யாரென்று கேட்கவில்லை. பார்க்க வருகிறவர்கள் பலர் வந்து போயிருப்பார்கள்.

"இரு பிள்ளை. நீ துறைமுகப் பக்கமோ?"

"ஓம் அம்மா."

"அண்டைக்கு உங்கட பக்கமும் மணந்ததோ?"

ஜெயரூபி திரும்பி வாசலைப் பார்த்தாள். மகன் கண்ணால் வேண்டாம் என்று கெஞ்சினான். இராகுலனையும் பார்த்தாள்.

"இல்லையம்மா," என்றாள். "ஒண்டும் மணக்கேல்லை."

புஸ்பராணி அவளையே பார்த்துக்கொண்டு கிடந்தார். பிறகு நல்ல கையை நீட்டி, கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த ஜெயரூபியின் விரல்களுக்கு மேல் வைத்தார்.

"எனக்கும் மணக்கேல்லைப் பிள்ளை," என்றார், மகனுக்குக் கேட்காத குரலில். "எல்லாரும் ஓடினவை. வேகமா ஓட்டு ஓட்டு எண்டு அவன்ரை முதுகிலை அடிச்சது நான்தான். அவன் தன்னிலை பிழையெண்டு நினைச்சு அழுகிறான். அதுக்குத்தான் மணந்ததெண்டு சொன்னனான்."

ஜெயரூபி பக்கத்துக் கட்டிலடியிலிருந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அம்மா, நான் உங்களுக்கு ஒண்டு சொல்ல வந்தனான்" என்று தொடங்கினாள்.

இராகுலன் வெளியே போய் மகனுக்குப் பக்கத்தில் வாங்குப் பலகையில் உட்கார்ந்தான்.